தொப்பி தெரியாத பிள்ளைகள்

வெண்கட்டியால் கரும்பலகையில் ஒரு கோடு வரைந்தேன். தட்டையாகத் தொடங்கி, நடுவில் மேடாக எழும்பி, மறுபடியும் தட்டையாகி முடிகின்ற கோடு. "இது என்ன?" என்று கேட்டேன். எனக்கு முன்னால் பாயில் பதினேழு பிள்ளைகள் இருந்தார்கள். எல்லோரும் தரம் 3 முதல் தரம் 5 வரை படிப்பவர்கள்.

"மலை மிஸ்."

"குளக்கட்டு."

"இல்ல, கவிழ்த்து வைச்ச தோணி."

"சூடு மிஸ். வயல்ல நெல்லு வெட்டிக் குவிச்சு வைக்கிறது."

ஒருவர்கூடத் தொப்பி என்று சொல்லவில்லை. என் கையில் இருந்த புத்தகமோ தொப்பியில்தான் தொடங்குகின்றது. ஆறு வயதுச் சிறுவன் ஒருவன், யானையை விழுங்கிய பாம்பு ஒன்றை வரைந்து பெரியவர்களிடம் காட்டுகின்றான். பெரியவர்கள் அதைத் தொப்பி என்கின்றனர். பெரியவர்களுக்கு எதையும் விளங்கப்படுத்த முடியாது என்று சிறுவன் படம் வரைவதையே விட்டுவிடுகின்றான். பிள்ளைகள் தொப்பி என்பார்கள், நான் "இல்லை, யானை" என்பேன், சிரிப்போடு வகுப்பு தொடங்கும் என்று முதல் நாள் இரவே திட்டமிட்டிருந்தேன். வேறு வழி தெரியாமல், "இது தொப்பி மாதிரி இல்லையா?" என்று நானே கேட்டுவிட்டேன்.

"தொப்பி இப்பிடி இருக்காது மிஸ்" என்றான் முன்வரிசைப் பையன். அவன் சொன்னது சரி. அவன் கண்ட தொப்பிகள் கிரிக்கெட் தொப்பியும், புல்மோட்டைப் பக்கம் தொழுகைக்குப் போகின்றவர்கள் அணியும் தொப்பியுந்தான். அகன்ற விளிம்புள்ள ஐரோப்பியத் தொப்பியை அவன் எங்கே காண்பது? கதையில் வருகின்ற விளங்காத பெரியவர் அந்த இடத்தில் நானாகிப் போனேன்.

திரியாய், திருகோணமலை நகரிலிருந்து வடக்கே புல்மோட்டை வீதியில் சுமார் 45 கிலோமீற்றர் தூரத்தில், குச்சவெளிப் பிரதேசச் செயலாளர் பிரிவில் உள்ள பழந்தமிழ்க் கிராமம். வயலும் குளமும் கடலும் சேர்ந்த ஊர். 1985ஆம் ஆண்டில் வீடுகள் எரிக்கப்பட்டு, ஊர் முழுவதுமாக இடம்பெயர்ந்தது. மீண்டவர்கள் பல ஆண்டுகள் கழித்து, கட்டம் கட்டமாகவே மீண்டார்கள். இன்றைய தரம் 4 பிள்ளைகளுக்கு இவை எதுவும் நேரில் தெரியாது. ஆனால் அவர்களை வளர்க்கின்ற அம்மம்மாவுக்கும் அப்பம்மாவுக்கும் நன்றாகத் தெரியும்.

அங்கு எனது வேலை, பெண் தலைமைத்துவக் குடும்பங்களின் வாழ்வாதாரம் தொடர்பானது. கோழிக் கூடு, தையல் இயந்திரம், சேமிப்புப் புத்தகம் என்றுதான் என் நாட்கள் போகின்றன. மாதர் கிராம அபிவிருத்திச் சங்கக் கூட்டங்களுக்குத் தாய்மாரோடு பிள்ளைகளும் வந்து கதவடியில் நின்றார்கள். கூட்டப் பதிவேட்டைக் கொடுத்து ஒரு பிள்ளையை வாசிக்கச் சொன்னபோதுதான் நிலைமை தெரிந்தது. தரம் 4இல் இருந்தும் கூட்டெழுத்து வந்த இடமெல்லாம் தடக்கினாள். 2020, 2021 ஆண்டுகளில் பெருந்தொற்றால் பாடசாலைகள் மூடப்பட்டிருந்தன. 2022இல் பொருளாதார நெருக்கடி வந்து, கொப்பி விலை தாய்மாரின் ஒரு நாட் கூலியைத் தின்றது. முன்பள்ளியிலும் தரம் 1இலும் எழுத்துப் பழக வேண்டிய காலம் இந்தப் பிள்ளைகளுக்கு அப்படித்தான் கழிந்தது.

ஆகவே சனிக்கிழமை பின்னேரங்களில், சங்கக் கட்டடத்தில், ஒரு மணி நேரம் கதை வாசிப்பது என்று தொடங்கினோம். எட்டுக் கிழமைகள். ஒரே ஒரு புத்தகம்.

பொய்க்கதை எதற்கு?

புத்தகத்தின் பெயர் 'குட்டி இளவரசன்'. பிரெஞ்சு விமானியான அந்துவான் து செந்த்-எக்சுபெரி எழுதி, 1943இல் நியூயோர்க்கில் முதன்முதலாக வெளியான சிறிய நாவல். பிரெஞ்சு மொழியிலிருந்து நேரடியாக வெ. ஸ்ரீராமும் ச. மதனகல்யாணியும் தமிழாக்க, சென்னை க்ரியா பதிப்பகம் 1981இல் வெளியிட்டது. விமானம் பழுதாகிப் பாலைவனத்தில் இறங்கிய விமானி ஒருவன், வேறொரு குட்டிக் கிரகத்திலிருந்து வந்த சிறுவனைச் சந்திக்கின்றான். அந்தக் கிரகம் ஒரு வீட்டளவே பெரியது. அங்கே மூன்று எரிமலைகளும் ஒரு ரோசாச் செடியும் உள்ளன. ரோசாவோடு கோபித்துக்கொண்டு புறப்பட்ட சிறுவன், கிரகம் கிரகமாகச் சுற்றிவிட்டுப் பூமிக்கு வந்து சேர்ந்திருக்கின்றான். இதுதான் கதை.

இரண்டாவது கிழமையே ஒரு தாய் வந்து கேட்டார். "மிஸ், இது புலமைப்பரிசிலுக்கு வருமா?" வராது என்றேன். "அப்ப இந்த ஒரு மணித்தியாலத்தில ஒரு மாதிரி வினாத்தாள் செய்விச்சால் என்ன?" என்றார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சையில் சித்தியடைந்தால் நகரத்துப் பெரிய பாடசாலைக்குப் போகலாம், மாதாந்தம் உதவிப்பணமும் கிடைக்கும். கணவன் இல்லாமல் பிள்ளை வளர்க்கின்ற தாய்க்கு அது ஓர் ஏணி. பறக்கிற சிறுவனும் கதைக்கிற நரியும் எந்த ஏணி?

நான் அவருக்குச் சொன்ன பதில் நாவலைப் பற்றியது அல்ல, வாசிப்பைப் பற்றியது. பரீட்சை வினாவையும் வாசித்துத்தானே விளங்க வேண்டும். அடுத்த பக்கத்தில் என்ன நடக்கும் என்று தெரிந்தாக வேண்டிய பிள்ளைதான் தடக்கினாலும் வாசிக்கும். மாதிரி வினாத்தாளின் அடுத்த பக்கத்தை அறியத் துடித்த பிள்ளையை நான் இன்னும் காணவில்லை. அவர் முழுதாக ஒப்புக்கொள்ளவில்லை. ஆனாலும் மகளை அனுப்பினார்.

இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் ஜெர்மனியில் யெல்லா லெப்மன் என்ற பெண் இதே கேள்வியைத்தான் எதிர்கொண்டார். யூதர் என்பதால் நாட்டை விட்டுப் போக நேர்ந்த அவர், போருக்குப் பின் திரும்பி வந்து, இடிபாடுகளுக்கு நடுவே 1946இல் பல நாட்டுச் சிறுவர் நூல்களின் கண்காட்சியை நடத்தினார். கூரையும் ரொட்டியும் இல்லாத இடத்தில் படக்கதையா என்று கேட்டவர்கள் இருந்தார்கள். 1949இல் மூனிச் நகரில் சர்வதேச இளையோர் நூலகத்தை அவர் திறந்தார். அது இன்றும் இயங்குகின்றது. எங்களுடைய ஒற்றைப் புத்தகத்தை அதோடு ஒப்பிட முடியாது. ஆனால் திரும்பி வந்த ஊரில் பிள்ளைக்கு முதலில் என்ன கொடுப்பது என்ற கேள்வி ஒன்றேதான்.

வாசித்த விதம்

முதலிரண்டு கிழமைகளும் நானே உரத்து வாசித்தேன். இருபது நிமிடம், அதற்கு மேல் இல்லை. பிறகு படம் வரைதல். மூன்றாம் கிழமையிலிருந்து விரும்பியவர்கள் ஆளுக்கு ஒரு பந்தி வாசித்தார்கள். தமிழ்நாட்டு எழுத்துநடை சில இடங்களில் பிள்ளைகளுக்குப் புதிது, அங்கெல்லாம் எங்களூர்ச் சொல்லில் விளங்கப்படுத்தினோம். யானையை விழுங்கும் பாம்பை வெங்கணாந்தி என்றேன். உடனே ஒருவன் எழும்பி, "வெங்கணாந்தி ஆட்டுக்குட்டியத்தான் விழுங்கும். யானை வெடி போட்டாத்தான் போகும்" என்றான். யானைகள் இரவில் தோட்டத்துக்குள் இறங்குகின்ற ஊர் அது. யானை அவர்களுக்குக் கதைப்புத்தக விலங்கு அல்ல, முதல் நாள் இரவு அப்பாவை நித்திரையிலிருந்து எழுப்பிய விலங்கு.

"இக்கதையால் நாம் பெறும் படிப்பினை யாது?" என்ற கேள்வியை மட்டும் கேட்பதில்லை என்று முடிவு செய்திருந்தேன். இது எனக்கே கடினமாக இருந்தது. பழக்கதோசத்தில் இரண்டு தரம் கேட்டும்விட்டேன். கேட்டவுடன் பிள்ளைகள் நிமிர்ந்திருந்து, கைகட்டி, "பெரியோரை மதிக்க வேண்டும்" என்றார்கள். கதையில் அப்படி ஒன்றுமே இல்லை. சமூகமயமாக்கல் பற்றிப் பல்கலைக்கழகத்தில் பக்கம் பக்கமாக எழுதியிருக்கின்றேன். அதை அந்தப் பாயில் இருந்துதான் நேரில் கண்டேன்.

வாசிப்பில் மிகவும் பின்தங்கியிருந்த பையன் ஒருவன் விளக்கேற்றுபவனின் அத்தியாயத்தில் வாய் திறந்தான். அந்தக் கிரகம் நிமிடத்துக்கு ஒருமுறை சுற்றுகின்றது. ஆகவே விளக்கேற்றுபவன் நிமிடத்துக்கு ஒருமுறை விளக்கை ஏற்றி, அணைத்து, காலைக்கும் மாலைக்கும் மாறி மாறி வணக்கம் சொல்லிக்கொண்டே இருக்கின்றான். ஒரே சொற்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. முதல் தரம் தடக்கினான். இரண்டாம் தரம் ஊகித்தான். மூன்றாம் தரம் உரத்துச் சொன்னான். நான்காம் தரம் சங்கக் கட்டடத்தின் மின்விளக்கை ஏற்றி அணைத்துக்கொண்டே வாசித்தான். எழுத்துக்கூட்டத் தெரியாத பிள்ளைக்குச் சின்னச் சின்ன வசனம் கொடுப்பதை விட, திரும்ப வருகின்ற வசனம் கொடுப்பது பலன் தருகின்றது. எங்கள் நாட்டுப் பாடல்களும் கூத்துப் பாட்டும் அப்படித்தானே அமைந்துள்ளன. எழுத வாசிக்கத் தெரியாத எங்கள் பாட்டிமார் நூற்றுக்கணக்கான அடிகளை மனதில் வைத்திருந்தது அதனால்தான் என நினைக்கின்றேன்.

பெருக்க மரமும் காணியும்

சிறுவனின் கிரகத்துக்கு ஓர் ஆபத்து உண்டு. பாவோபாப் என்னும் மரத்தின் விதைகள் மண்ணுக்குள் கிடக்கின்றன. முளைக்கும்போதே பிடுங்காவிட்டால் அவை பெருத்து, வேர்களால் கிரகத்தையே பிளந்துவிடும். இந்த மரத்தை எப்படிக் காட்டுவது என்று யோசித்தபோது மன்னார் நினைவுக்கு வந்தது. பள்ளிமுனையில் நிற்கின்ற பெருக்க மரம் இதே மரந்தான். அரபு வணிகர் ஆபிரிக்காவிலிருந்து கொண்டுவந்ததென்று நம்பப்படுகின்றது. அடிமரச் சுற்றளவு 19 மீற்றருக்கு மேல். நெடுந்தீவிலும் உண்டு. பதினேழு பிள்ளைகளும் கைகோத்து வட்டமாக நின்றார்கள். பெருக்க மரம் ஏறத்தாழ அவ்வளவு பெரிது என்றதும் வட்டத்துக்குள் ஒரே கூச்சல்.

அந்நேரம் விறாந்தையில் இருந்து ஓர் அப்பம்மா பேசினார். பேத்தியைக் கூட்டிவந்து, வகுப்பு முடியும்வரை வெற்றிலையோடு அங்கேயே இருப்பவர். எழுபதை அண்டிய வயது. "அந்தப் பொடியன் சொல்லுறது சரி பிள்ளை" என்றார். "நாங்க வந்து பார்க்கக்குள்ள வளவு எது, வயல் எது எண்டு தெரியேல்ல. கிணத்துக்குள்ள ஆலமரம். வீட்டுக்குள்ள பாலை மரம். ஒரு மரத்தச் சின்னனில பிடுங்க ஆளில்லாட்டி, பிறகு அது காடு. காடெண்டு எழுதிப் போட்டால் பிறகு எங்கட காணி இல்லை."

பிள்ளைகள் வட்டத்தைக் கலைத்துவிட்டு அவர் பக்கம் திரும்பினார்கள். திரும்பி வந்தவர்கள் முதலில் கிணற்றை இறைத்துத் துப்புரவாக்கியதை, கிணற்றடியில் எல்லோரும் சேர்ந்து கஞ்சி குடித்ததை, அன்று அவர் சொன்னார். பேத்திக்கே அது புதிய செய்தி. பாலைவனத்தில் கிணறு தேடிப் போகின்ற அத்தியாயம் பின்னால் வந்தபோது நான் ஒன்றும் விளங்கப்படுத்த வேண்டியிருக்கவில்லை. நூலாசிரியர் 1935இன் இறுதியில் உண்மையாகவே லிபியப் பாலைவனத்தில் விமானத்தோடு விழுந்து, தண்ணீரின்றிச் சாகக் கிடந்து, ஒட்டகத்தில் வந்த நாடோடி ஒருவரால் காப்பாற்றப்பட்டவர் என்றேன். "அப்ப இது பொய்க்கதை இல்லையே" என்றாள் பேத்தி.

பெரியவர்கள் வாழும் கிரகங்கள்

சிறுவன் சுற்றும் கிரகங்களில் ஒவ்வொன்றிலும் ஒரு பெரியவர் தனியே இருக்கின்றார். குடிகள் இல்லாத அரசன், கைதட்டலுக்கு ஏங்குபவன், நட்சத்திரங்களை எண்ணித் தனது என்று எழுதி வைக்கும் வியாபாரி, வெளியே போய் எதையும் பார்க்காத புவியியலாளர். பிள்ளைகளுக்கு இவர்கள் எல்லோரையும் தெரிந்திருந்தது. அரசனைக் கூட்டத்துக்கு வரும் பிரமுகர் ஒருவரோடு ஒப்பிட்டுச் சிரித்தார்கள், யாரென்று எழுத மாட்டேன். நட்சத்திரம் எண்ணும் வியாபாரி வந்ததும், "லோன் மாமா!" என்று மூன்று குரல்கள் ஒன்றாக வந்தன. கிழமைக்கு ஒருநாள் மோட்டார் சைக்கிளில் வந்து நுண்கடன் கட்டுப்பணம் கேட்பவர்தான் லோன் மாமா. "அவரும் கொப்பியில எண்ணிக்கொண்டுதான் இருப்பார், நிமிர்ந்து பார்க்க மாட்டார்" என்றாள் ஒருத்தி. அவர் வரும் நாளில் அம்மா பின்வளவில் ஒளிந்திருப்பதையும் சேர்த்துச் சொன்னாள். வாழ்வாதார ஆய்வுப் படிவத்தில் எனக்குக் கிடைக்காத தகவல் அது.

குடிகாரனின் அத்தியாயம் நாவலில் மிகச் சிறியது. ஏன் குடிக்கிறாய் என்று சிறுவன் கேட்கின்றான். மறப்பதற்கு. எதை மறப்பதற்கு? வெட்கத்தை. என்ன வெட்கம்? குடிக்கின்ற வெட்கம். வாசித்து முடித்ததும் பிள்ளைகள் சிரித்தார்கள். பையன் ஒருவன் தள்ளாடி நடித்தும் காட்டினான். ஒருவன் மட்டும் சிரிக்கவில்லை. அவனுடைய வீட்டு நிலைமை எனக்குத் தெரியும். இந்த அத்தியாயத்தைத் தாண்டிப் போகலாமா என்று காலையில் இரண்டு மனமாக இருந்தவள் நான்.

"அவருக்குப் பிள்ளையள் இல்லையா மிஸ்?" என்று கேட்டான்.

இல்லை, அந்தக் கிரகத்தில் அவர் மட்டுந்தான் என்றேன்.

"அப்பப் பரவாயில்லை" என்றான்.

அதற்கு மேல் நான் எதுவும் கேட்கவில்லை. உளசமூகப் பயிற்சிகளில் பிள்ளையைப் 'பேச வைப்பது' பற்றி நிறையச் சொல்லித் தருவார்கள். பதினாறு பிள்ளைகளுக்கு முன்னால் வைத்துப் பேச வைப்பது வன்முறை என்பது எனது கருத்து. கதை செய்த உதவி போதும். அவன் அப்பாவைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லாமல், சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டான். இரண்டு கிழமைக்குப் பிறகு அவனுடைய தாய் தானாக என்னிடம் வந்து பேசினார். அது வேறு வேலை, இங்கே எழுதுவதற்குரியது அல்ல.

நாவலில் ஒரு குறை உண்டு. அதைக் கண்டுபிடித்தது நான் அல்ல, தரம் 5 மாணவி ஒருத்தி. "இதில ஒரு கிரகத்திலயும் பொம்பிளை ஆக்கள் இல்லையே மிஸ். பூ மட்டுந்தான் இருக்கு. அதுவும் எந்நேரமும் சிணுங்குது" என்றாள். உண்மைதான். ரோசா பெருமைக்காரி, பொய் இருமல் இருமுபவள், கண்ணாடிக் கூட்டுக்குள் வைத்துப் பாதுகாக்க வேண்டியவள். அவளை விட்டுப் போனது தவறென்று சிறுவன் பிறகு வருந்துகின்றான், அது அழகான பகுதி. ஆனாலும் அவள் வேரூன்றி நிற்க, சிறுவன்தான் உலகம் சுற்றுகின்றான். நாவலைப் பலமுறை வாசித்தும் எனக்கு உறைக்காத விடயம் இது.

"அப்ப நாங்கள் ஒரு கிரகம் செய்வம்" என்றேன். பெண்பிள்ளைகள் நால்வர் சேர்ந்து பெரிய தாளில் வரைந்தார்கள். அந்தக் கிரகத்தில் ஒரு பெண். ஒரு பக்கம் அடுப்பு, மறுபக்கம் கிணறு, இடையில் உடுப்புக் கொடி, கோழிக்கூடு, ஆறு ஆடுகள். சிறுவன் வந்து இறங்கி, "நீங்கள் என்ன செய்யிறீங்கள்?" என்று கேட்கின்றான். "நான் சும்மாதான் இருக்கிறன்" என்கின்றாள் அவள், கையில் தண்ணீர்க் குடத்தோடு. இந்த உரையாடலை அவர்களே எழுதினார்கள். நான் ஓர் எழுத்துப்பிழையை மட்டுமே திருத்தினேன். வாசலில் நின்ற தாய்மார் அதை வாசித்துவிட்டு முதலில் சிரித்தார்கள். பிறகு நெடுநேரம் சிரிக்கவில்லை.

நரியின் அத்தியாயம் பிள்ளைகளுக்கு மிகவும் பிடித்தது. காட்டுநரி சிறுவனிடம், என்னைப் பழக்கு என்று கேட்கின்றது. ஒவ்வொரு நாளும் ஒரே நேரத்துக்கு வா, தூரத்தில் இரு, பேசாதே, நாளுக்கு நாள் சற்றுக் கிட்ட வா என்று வழியும் சொல்லிக் கொடுக்கின்றது. தாயிழந்த ஆட்டுக்குட்டியைப் பழக்கிய அனுபவம் அங்கே பலருக்கும் இருந்தது. இதைப் பற்றி நான் அதிகம் எழுதவில்லை. கதைத்த அளவுக்கு அன்று யாரும் வாசிக்கவில்லை.

கடைசி அத்தியாயம்

கதையின் முடிவு இலகுவானது அல்ல. தன் கிரகத்துக்குத் திரும்புவதற்காகச் சிறுவன் ஒரு பாம்பிடம் உதவி கேட்கின்றான். அந்தப் பாரமான உடலைத் தூக்கிக்கொண்டு அவ்வளவு தூரம் போக முடியாது என்கின்றான். பாம்பு கடிக்க, ஓசையின்றி மணலில் விழுகின்றான். விடிந்து பார்க்கும்போது அவனது உடல் அங்கே இல்லை. அதனால் அவன் வீடு போய்ச் சேர்ந்துவிட்டான் என விமானி நம்புகின்றான்.

வயலில் பாம்பு கடித்து இறந்தவர்கள் உள்ள ஊர். கடலுக்குப் போய் வராதவர்கள் உள்ள ஊர். 2004 டிசம்பர் 26இல் கடற்கோள் பாய்ந்த கரையோரம் அது. இதை எப்படி வாசிப்பது? கிணற்றடியோடு நிறுத்திவிட்டு, "பிறகு சிறுவன் தன் ஊருக்குப் போய்விட்டான்" என்று இரண்டு வசனத்தில் முடித்துவிடத் தீர்மானித்துத்தான் எட்டாவது சனிக்கிழமை போனேன்.

இன்னொன்றும் எனக்குத் தெரியும். விறாந்தையில் இருக்கின்ற அப்பம்மாவின் இளைய மகன் 2007இல் வேலைக்கென்று வெளியே போனவர், இன்றுவரை வரவில்லை. திருகோணமலையில் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் கூடும் இடங்களில் அவருடைய புகைப்படத்தோடு இவரைக் கண்டிருக்கின்றேன்.

கிணற்றடியில் நிறுத்தினேன். என் இரண்டு வசனத்தையும் சொன்னேன். பிள்ளைகள் புத்தகத்தைப் பார்த்தார்கள். இன்னும் பக்கங்கள் இருப்பது தெரிந்துவிட்டது. "முடியேல்லையே மிஸ்" என்றான் விளக்கேற்றுபவனை வாசித்த பையன். எட்டுக் கிழமைக்கு முன் அவனுக்கு ஒரு பக்கம்கூட வாசிக்க வராது. இன்று பக்கம் மிஞ்சியிருப்பதைப் பிடித்துவிட்டான்.

விறாந்தையிலிருந்து அப்பம்மா கேட்டார். "அந்தப் பிள்ளை ஊர் போய்ச் சேர்ந்தானோ இல்லையோ? உள்ளதை வாசியுங்கோ."

வாசித்தேன். பாம்பையும் வாசித்தேன், மணலையும் வாசித்தேன். எவரும் அழவில்லை. ஒரு சிறுமி மட்டும் பக்கத்துப் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டாள். கடைசிப் படம், இரண்டு கோடும் ஒரு நட்சத்திரமும் மட்டுமே உள்ள வெறும் பாலைவனம். இந்த இடத்தில் அப்படி ஒரு சிறுவனைக் கண்டால் அவன் வந்துவிட்டான் என்று தயவுசெய்து எனக்கு எழுதி அறிவியுங்கள் என்ற வேண்டுகோளோடு நூலாசிரியர் முடிக்கின்றார். அந்த ஆசிரியரே 1944 ஜூலை 31ஆந் திகதி போர்க்கால வேவு விமானத்தில் போய்த் திரும்பி வரவில்லை என்பதையும் சொன்னேன். மார்செய் கரைக்கு அப்பால் கடலடியில் விமானத்தின் துண்டுகள் கிடைத்து, அது அவருடையதுதான் என 2004இல் உறுதியானது. அறுபது ஆண்டுகள்.

"உயிரோட இருக்கிறான், செத்திட்டான்" என்று பிள்ளைகள் இரண்டாகப் பிரிந்தார்கள். என்னைப் பார்த்தார்கள். புத்தகத்தில் இல்லாத பதில் என்னிடமும் இல்லை என்றேன்.

"எழுதினவரும் தேடிக்கொண்டுதான் இருந்திருக்கிறார்" என்றார் அப்பம்மா, யாரிடம் என்றில்லாமல். பிறகு வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து, அந்தக் கடைசிப் படத்தைக் காட்டச் சொன்னார். கண்ணாடி கொண்டு வரவில்லை என்று சொல்லி, புத்தகத்தை ஒரு கிழமைக்குக் கேட்டார். கொடுத்தேன்.

அடுத்த சனிக்கிழமை அவர் வரவில்லை. அறுவடை தொடங்கியிருந்தது. பேத்தி புத்தகத்தைக் கொண்டுவந்து தந்தாள், பாடப் புத்தகத்துக்குப் போடுவது போலப் பழைய கலண்டர் தாளில் உறை போட்டிருந்தது. அப்பம்மாவுக்குத் தானே முழுவதையும் மூன்று இரவில் வாசித்துக் காட்டியதாகச் சொன்னாள். கூட்டப் பதிவேட்டில் கூட்டெழுத்துக்குத் தடக்கிய அதே பிள்ளைதான் அவள்.

பிள்ளைகள் அதற்குள் வேறு சண்டையில் இருந்தார்கள். சிறுவன் கொண்டுபோன ஆடு, அவனுடைய ரோசாவைத் தின்றுவிட்டதா? விமானி ஆட்டுக்கு வாய்க்கூடை வரைந்து கொடுத்தான், கட்டுகின்ற வாரை வரைய மறந்துவிட்டான். ஆடு வளர்க்கின்ற வீட்டுப் பிள்ளைகள் எல்லோரும், வார் இல்லாவிட்டால் நிச்சயம் தின்றிருக்கும் என்றார்கள். குடிகாரனைப் பற்றிக் கேட்ட பையன் மட்டும், "அவன் கயிறு தேடி எடுத்திருப்பான். அங்க ஒரு எரிமலை வீடு மாதிரி இருக்கே, அதுக்குள்ள கயிறு இருக்காதா?" என்று விடாமல் நின்றான்.